படுத்துக்கொண்டே போகும் இருக்கை

குரு பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். பெயர் மெகராஜ் பானு, வயது முப்பத்தொன்று. கண்ணாடிக்காரி எப்படி குருவானாள் என்றால், அவள் விமானத்துக்குக் கைக்காசு போடாமல் பதினோரு நாடு பார்த்தவள். புதிதாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, முதல் மூன்று மாதத்தில் வங்கி சொல்கிற தொகைக்குச் செலவு செய்துவிட்டால், வரவேற்புப் பரிசாகப் பாயிண்ட் அள்ளிக் கொடுப்பார்கள். அந்தப் பாயிண்டை வைத்து டிக்கெட் எடுக்கலாம். எந்தக் கார்டை எப்போது வாங்குவது, எப்போது கழற்றி விடுவது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இத்தனைக்கும் ஒரு பைசா வட்டி கட்டியவள் இல்லை.

ஊரில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் பதினேழு பேர். ஒரு வாட்ஸாப் குழுவில் கேலியாக அவளை 'குருவே' என்று அழைக்க ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. சீடர்களில் மூத்தவர் இசக்கியப்பன். நாற்பத்தெட்டு வயது, பெயிண்ட் கடையில் வேலை.

மற்றவர்களுக்குப் பாரிஸ், மாலத்தீவு என்று ஆசை. இசக்கியப்பனுக்கு ஒரே ஊர்தான். அயர்லாந்தில் கார்க் என்று ஒரு ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ஆவுடைச்செல்வி நர்ஸாக இருந்தாள். போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

அவள் போய் இறங்கிய அன்று போனில் சொன்ன முதல் செய்தி இதுதான்.

"உக்காந்தே வந்ததுல ரெண்டு காலும் வீங்கிப் போச்சு. ஷூவைக் கையில தூக்கிட்டுல்லா எறங்குனேன். நீங்க வாரப்ப படுத்துக்கிட்டே வாங்க, ராசா மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுநாளே மறந்தும் இருப்பாள். இசக்கியப்பன் மறக்கவில்லை. விமானத்தில் கால் நீட்டிப் படுக்கிற இருக்கைக்கு எத்தனை பாயிண்ட் என்று விசாரித்தார். அன்று பிடித்தது இந்தக் கிறுக்கு.

சொந்தக்காரர்கள் கல்யாணப் பட்டு எடுக்கப் போனால் அழைக்காமலே போய்க் கவுண்டர் பக்கம் நிற்பார். "பில்லை என் கார்டுல போட்டுக்கிடுதேன், நீங்க எனக்கு ரூவாயாத் தந்திருங்க." கட்டில், கிரைண்டர், காதுகுத்துக் கம்மல் எல்லாம் அவர் கார்டில்தான் போயின. மாப்பிள்ளை வீட்டாரே அவரைத் தேடும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஏப்ரலில் ஆவுடைச்செல்விக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. சாதாரண இருக்கைக்கு அப்போதே பாயிண்ட் இருந்தது. "இதைப் போய் உக்காந்த சீட்டுல வீணாக்கவா? அடுத்த லீவுக்குப் படுத்துட்டே வாரேன்" என்றார் இசக்கியப்பன். அவள் "சரி" என்றாள்.

அடுத்த லீவு அக்டோபர் ஒன்பதாம் தேதி. இப்போது செப்டம்பர் பாதி. விசா வந்து பீரோவில் கிடந்தது. படுக்கிற இருக்கைக்கு இன்னும் நாற்பதாயிரம் பாயிண்ட் குறைந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் குருவின் கடைக்கு வந்தார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"நாப்பதாயிரம் குறையுது. எந்தக் கார்டு வாங்குனா சீக்கிரம் வரும்?"

அவள் கவுண்டரில் கிடந்த ஒரு விளம்பரச் சீட்டை எடுத்து நீட்டினாள். "இதைக் கொஞ்சம் வாசிங்க."

இசக்கியப்பன் சீட்டை முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு தள்ளிப் பிடித்தார். கை முழுக்க நீண்ட பிறகும் எழுத்து கூடி வரவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"அது கெடக்கு, ஒரு மூணு மாசமா."

"பெயிண்ட் கடையில எப்படிச் சமாளிக்கீங்க?"

இசக்கியப்பன் நெளிந்தார். போன வாரம் கலர் நம்பரைத் தப்பாகப் பார்த்துவிட்டார். வண்ணார்பேட்டையில் ஒரு வீடு முழுக்க வேப்பிலைப் பச்சையில் நின்றது. வீட்டுக்காரர் கேட்டது இளமஞ்சள்.

"கண்ணாடி போட வேண்டியதுதான?"

"புதுக் கார்டு வரட்டும்னு பாத்தேன் குருவே. மொத தடவை எழுதிப் போட்டதைப் பேங்குக்காரன் தள்ளிட்டான். ரெண்டாவது போட்டிருக்கேன். அது வந்ததும் கண்ணாடி, பல் டாக்டர், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் அதுல போட்டா மூணு மாசக் கணக்குல சேந்துரும்லா? இப்பப் போட்டா அந்தச் செலவு சும்மா போயிரும்."

பாடம் என்னவோ குரு சொல்லிக் கொடுத்ததுதான். பெரிய செலவைக் கார்டு வரும்வரை தள்ளிப் போடு என்று குழுவில் அவளே எழுதியிருந்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க."

சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினாள். வட்டவட்டமாக லென்ஸ் செருகும் அந்தக் கனத்த இரும்புச் சட்டம். கிட்ட வைத்து வாசிக்கிற எழுத்து அட்டையை எடுத்தவள், என்ன நினைத்தாளோ, அதைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்க போனை எடுங்க. மதினி அனுப்புன படம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. அவ இருக்க ரூம். ஜூலையில அனுப்புனா."

"அதை மடியில வச்சுப் பிடிங்க. என்ன தெரியுது?"

"கட்டில் தெரியுது. ஜன்னல், பெரிய ஜன்னல். கதவு." சொல்லும்போதே இசக்கியப்பனின் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை வீடியோவுல பேசுவோம் குருவே. கிட்டக் கொண்டாந்தா அவ மூஞ்சி மங்கிப் போவுது. தள்ளிப் பிடிச்சா, 'ஏன் அம்புட்டுத் தூரத்துல இருக்கீங்க, மூஞ்சி சுண்டைக்காயாத் தெரியுது, கிட்ட வாங்க'ங்கா. நான் என்னத்தச் செய்ய?"

குரு முதல் லென்ஸைப் போட்டாள். "இப்ப?"

"கட்டில் போர்வையில பூ இருக்கு."

இரண்டாவது. "இப்ப?"

"செவுத்துல காலண்டர். நம்ம ஊர்க் காலண்டர்தான். எங்க கடையில குடுத்தது."

மூன்றாவதைச் செருகினாள்.

இசக்கியப்பன் போனைக் கொஞ்சம் உயர்த்தினார், பிறகு இன்னும் கொஞ்சம்.

கதவோரம் தரையில், குளிருக்கு வீட்டுக்குள் போடுகிற கம்பளிச் செருப்பு இரண்டு ஜோடி இருந்தது. ஒன்று சின்னது, தேய்ந்தது. அதன் பக்கத்தில் பெரிதாக ஒரு ஆண்பிள்ளைச் செருப்பு, பழுப்பு நிறம். விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. யாரோ வெளியிலிருந்து வந்து நேரே காலை நுழைத்துக்கொள்ளத் தோதாக, அது உள்ளே பார்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஜூலையில் அந்தப் படம் வந்த அன்று அவர் ஒரு கட்டைவிரலை உயர்த்திப் பதில் அனுப்பினார். சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். "படத்தைப் பாத்தீங்களா? ஒண்ணும் சொல்லலியே?" என்றாள். "ரூம் நல்லாருக்கு, ஜன்னல் பெருசு" என்றார் இவர். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. லைன் கோளாறு என்று நினைத்து, ஹலோ ஹலோ என்று கத்தியது இப்போது ஞாபகம் வந்தது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

"அண்ணாச்சி, தெரியுதா?"

"தெரியுது."

"தெளிவா இருக்கா?"

"இருக்கு." பழக்கம் யாரை விட்டது. "இதைவிடத் தெளிவா ஏதும் இருக்கா குருவே?"

அவள் நான்காவதைப் போட்டாள்.

"இது கொஞ்சம் கூடுதலாத் தெரியுத மாதிரி இருக்கு. இல்ல, தலையச் சுத்துது."

ஐந்தாவதைப் போட்டாள். கதவு கரைந்தது. செருப்பும் கரைந்தது.

"வேண்டாம் வேண்டாம், அந்த மூணாவதையே போடுங்க" என்றார் இசக்கியப்பன், எதையோ பறிகொடுத்தவர் போல.

அவள் திரும்பவும் மூன்றாவதைப் போட்டாள். செருப்பு அங்கேயே இருந்தது.

வெளியே ஆட்டோக்காரர் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். குரு பவரைக் குறித்துக்கொண்டு, ஒரு சட்டத்தையும் எடுத்து வைத்தாள்.

"சாயங்காலம் குடுத்துருதேன். எந்தக் கார்டுல போட?"

இசக்கியப்பன் பர்ஸைத் திறந்தார். ஒரு பாயிண்டுக்கும் உதவாத பழைய கார்டு ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கித் தேய்த்தாள்.

ரசீது வந்த பிறகும் அவர் போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தார்.

"குருவே."

"சொல்லுங்க."

"அக்டோபர் ஒம்பதுக்குச் சீட்டு கெடைக்குமா?"

அவள் தன் போனில் தேடினாள். கொஞ்ச நேரம் ஆனது. சீடர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுக்குற சீட்டுக்குப் பாயிண்ட் பத்தாது. உக்காருற சீட்டு ஒண்ணே ஒண்ணு இருக்கு. ரெண்டு பேருக்கு நடுவுல. ரெண்டு ஊர்ல எறங்கி மாறணும். மொத்தம் இருபத்தாறு மணி நேரம்."

"எவ்வளவு பாயிண்ட் கேக்கான்?"

"தொண்ணூறாயிரம்."

இசக்கியப்பன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். அவ்வளவையும் சேர்க்க எத்தனை கல்யாணம், எத்தனை பட்டுச்சேலை. "அநியாயம்லா? அந்தச் சீட்டு அம்புட்டுப் பெறுமா?"

"பெறாது."

"குழுவுல சொன்னா சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க."

"ஜனவரி வரைக்கும் பொறுத்தா, புதுக் கார்டும் வந்துரும். நிம்மதியாப் படுத்துட்டே போவலாம்."

"போவலாம்."

அவர் மறுபடி போனை எடுத்தார். சோதனைச் சட்டத்தைக் கழற்றியாகிவிட்டது. கட்டிலும் ஜன்னலும் கதவும்தான் தெரிந்தன. கதவோரம் மங்கலாக ஒரு பழுப்பு. அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

பிறகு படம் திறந்தபடியே போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"போட்டுருங்க குருவே."

அவள் படத்தில் அந்தக் கதவோரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போட ஆரம்பித்தாள். பாஸ்போர்ட் நம்பர் கேட்டாள், சொன்னார். சாப்பாடு சைவமா என்று கேட்டாள், தலையாட்டினார். கடைசிப் பொத்தானை அழுத்தப் போகும்போது இசக்கியப்பனுக்குப் பழைய பயம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"இருபத்தாறு மணி நேரம் உக்காந்தே போனா கால் வீங்கிரும்லா? அவளே சொன்னாளே."

மெகராஜ் பானு பொத்தானை அழுத்தினாள்.

"வீங்கும் அண்ணாச்சி. கம்பளிச் செருப்புதான, இளகிக் குடுக்கும்."