வெள்ளையடிக்கிற மாசாணமும் தடைபோட்ட பாட்டுகளும்

செம்பழனம் என்றொரு நாடு. அதைப் பூதலராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம். நல்ல மனுஷர்தான். ஆனால் பிடித்தால் ஒருவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார், பிடிக்காவிட்டால் எல்லைக்கு வெளியே துரத்திவிடுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு தும்மல் நேரம்கூட இருக்காது.

அரண்மனைச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கிறவன் மாசாணம். கை சுவரில் இருக்கும், வாய் பாட்டில் இருக்கும். பாட்டுக் கட்டுவதும் அவனே, பாடுவதும் அவனே. ராஜாவின் பிறந்தநாளன்று யார் வேண்டுமானாலும் சபையில் பாடலாம் என்று தண்டோரா போட்டதும், சுண்ணாம்புக் கையைக் கழுவிக்கொண்டு அவனும் வந்து நின்றான்.

ஆஸ்தான வித்துவான் வேதமூர்த்தி பாகவதருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"மகாராஜா! இவன் பாட்டு இந்த நாட்டில் யார் காதில் விழுந்திருக்கிறது? இவனைச் சபையில் பாட விட்டால் சங்கீதத்துக்கே அவமானம்!"

ராஜாவுக்கு அன்று பல்வலி வேறு. "அப்படியா? இவன் கட்டிய பாட்டை இனி யாரும் பாடக் கூடாது. நாளை என் பிறந்தநாள் விழா ஊர்வலம் முடிந்ததும் இவன் நாட்டைவிட்டே போகட்டும்!" என்றுவிட்டார்.

மாசாணத்துக்குக் கண் கலங்கியது.

அமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். எல்லாரும் அவர் தடுப்பார் என்று பார்த்தால், கைகூப்பி, "உத்தரவு மகாராஜா. ஒரு பாட்டுகூடத் தப்பாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் மாசாணத்தை உட்கார வைத்து, அவன் கட்டிய பாட்டையெல்லாம் சொல்லச் சொல்லி ஓலையில் எழுதினார். ஆளுக்கொரு நகலாகக் காவலர்களிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை அந்தப்புரமே அதிர்ந்தது. குட்டி இளவரசர் வீறிட்டு அழுதுகொண்டிருந்தார்.

"தாதி! தாலாட்டுப் பாடினால் என்ன?" என்று ராஜா கத்தினார்.

"அது மாசாணம் கட்டினதுங்க மகாராஜா. காவலர் பாடக் கூடாதுங்கறாரு."

"வேறு பாடு!"

"பாடினேனுங்க. இன்னும் சத்தமா அழறாரு."

ராஜா காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். விருந்துக்கு வந்திருந்த பக்கத்து நாட்டு ராஜா ஊர்வலத்துக்காகக் காத்திருந்தார். பட்டத்து யானையோ மலைபோல் நின்றது. முட்டி மடங்கவில்லை.

"ஏனடா சடையப்பா, படுக்கச் சொல்லேன்!" என்றார் ராஜா.

பாகன் தலையைச் சொறிந்தான். "பாட்டுக்குத்தான் மண்டி போடும் சாமி. அது மாசாணம் பாட்டு."

விருந்தாளி மீசைக்குள் சிரித்தார். ராஜாவுக்கு மானம் போயிற்று. "பாகவதரே! நிலைமையைச் சமாளியும். அந்த வரவேற்புக் கீர்த்தனையைப் பாடும்!"

பாகவதர் தொண்டையைச் செருமி வாயைத் திறந்தார். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "ஐயா, இதுவும் ஓலையில இருக்கு."

"என்ன? அது உம்முடைய கீர்த்தனை அல்லவா?" ராஜாவின் புருவம் ஏறியது.

"பல்லவி... பல்லவி என்னுடையதுதான் மகாராஜா."

"மிச்சம்?"

பாகவதர் தரையைப் பார்த்தார். "இசைக்கூடத்துக்கு வெள்ளையடிக்க வந்தபோது... அவன் சொன்னது."

ராஜா ஒரு கணம் திகைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அமைச்சரே, என் உத்தரவையே எடுத்து என் தலையில் குட்டிவிட்டீர்! தடை போயிற்று. கூப்பிடும் மாசாணத்தை!"

மாசாணம் மூட்டை முடிச்சோடு வந்தான்.

"இத்தனை பாட்டு உன்னுடையது. ஒன்றிலாவது உன் பேரை வைத்தாயா?"

"எப்படி சாமி வைக்கிறது? சடையப்பன் யானை நடையைக் காட்டினான், அதுலதான் தாளம் பிடிச்சேன். தாதியம்மா தொட்டில் ஆட்டின வேகத்துலதான் தாலாட்டு வந்தது. பாகவதர் பல்லவி இல்லேன்னா எனக்கு அந்தச் சரணம் தோணியே இருக்காது. எது என்னுது, எது அவங்களுதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியாது."

அதைக் கேட்டதும் பாகவதர் கூனிப்போனார். ஈட்டி தடுத்தபோதுகூட அவருக்கு அவ்வளவு சுடவில்லை.

"சடையப்பா, பாடு!" என்றார் ராஜா. பாகனும் மாசாணமும் சேர்ந்து எடுத்தார்கள்:

"மலையே மலையே மண்டி போடு,
மழைமேகம் ஏறணும் முதுகைக் காட்டு!"

யானை முட்டி மடக்கியது. ராஜா ஏறினார். மாசாணத்தையும் கைகொடுத்து ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அம்பலவாணருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். பாகவதருக்கு ஒரு வேலை கொடுத்தார்: ஊர்வலத்தின் முன்னால் நடந்து, ஒவ்வொரு பாட்டையும் கட்டியவர்கள் பேரை உரக்கச் சொல்ல வேண்டும்.

"இது மாசாணமும் பாகன் சடையப்பனும் கட்டியது!" முதல் தெருவில் பாகவதர் குரல் கம்மியது. "இது மாசாணமும் தாதி பொன்னியும் கட்டியது!" இரண்டாம் தெருவில் ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். "அட, நாம பாடுறதெல்லாம் இவரோடதா?" "இது மாசாணமும்... நானும் கட்டியது!" என்று மூன்றாம் தெருவில் சொன்னபோது பாகவதர் குரல் கணீரென்று வந்தது. தெருவே சேர்ந்து பாடியது, மாடியிலிருந்து பூ விழுந்தது, "மாசாணம்! மாசாணம்!" என்று ஊர் முழங்கியது.

தன் பாட்டை ஊர் பாடி அவன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். தன் பேரை ஊர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.