கோணல் சிலுவை

ஒரு கடலோர ஊரில், கருவாடு காயவைக்கும் சலேத்தம்மாவின் வீட்டு நிலைப்படிக்கு மேலே ஒரு தென்னங்குருத்து தொங்கிக்கொண்டிருந்தது. குருத்தோலை ஞாயிறன்று சாமியார் மந்திரித்துக் கொடுத்த ஓலை அது. பூசை முடிவதற்குள் சலேத்தம்மா அதைச் சிலுவையாக மடித்துவிட்டாள். அவசரத்தில் ஒரு கை நீளமாகவும் மறு கை குட்டையாகவும் போயிற்று.

அந்தக் கோணல் சிலுவைக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. காற்று தொட்டால் சிரிப்பு. பல்லி ஓடினால் சிரிப்பு. பயம் வந்தாலோ, இன்னும் அதிகமாகச் சிரிப்பு.

மூலையில் நின்ற விளக்குமாறு அதற்கு அக்கா முறை. இரண்டும் ஒரே தென்னையின் பிள்ளைகள்.

ஒருநாள் அடுப்பிலிருந்த நெருப்பு தலையை நீட்டியது.

"வருஷம் திரும்பப் போகுது. சாம்பல் புதனன்னைக்கு நெத்தியில பூசற சாம்பலுக்காகப் பழைய ஓலையை எல்லாம் எரிப்பாங்க, தெரியுமா?"

ஓலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே கலகலவென்று சிரித்தது. "அப்படியா! யார் எரிப்பா?"

"நான்தான். என்கிட்ட வந்த எதுவும் தன் பேரோட திரும்பினதில்லை. தென்னமட்டை வந்தது, சாம்பலாப் போச்சு. படகுப் பலகை வந்தது, அதுவும் சாம்பல். உனக்கு மட்டும் ஒரு வழி சொல்றேன். மடிப்பை அவிழ்த்துடு. 'நான் வெறும் ஓலை'ன்னு மூணு தடவை சொல்லு. வெறும் ஓலையை யார் தேடி வந்து எரிக்கப்போறாங்க?"

"ஏட்டி, சொல்லிடு!" என்று பதறியது விளக்குமாறு. "கீழே விழு. ஒரே தள்ளுல உன்னை வாசலுக்குத் தள்ளிடறேன்."

"அவிழ்த்துட்டா நான் யாருக்கா?"

"உசுரோட இருக்கிற ஓலை."

"உசுரோட, சரி. ஆனா யாரு?"

விளக்குமாற்றுக்குக் கோபம் வந்தது. "உனக்குக் கையே ஒழுங்கா இல்லை. இந்த லட்சணத்துல நீ சிலுவையாக்கும்!"

"அதனாலதாங்க்கா! இவ்வளவு கோணலா இருந்தும், வீட்டுக்காரர் கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் அந்த அம்மா என்னைத் தொட்டு, விரலை உதட்டுல வச்சு முத்தி செய்யறாங்களே. அவங்க கை வந்து தொடும்போது நான் வெறும் ஓலையாத் தொங்குறதா?"

செவ்வாய்க்கிழமை காலையில், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை இஞ்ஞாசி, தெருவெல்லாம் ஓலை சேர்த்த சாக்கோடு வந்து நின்றார்.

"சலேத்தம்மா, போன வருஷத்து ஓலை இருக்கா? கோயில் முற்றத்துல காத்து பிச்சுக்கிட்டுப் போகுது. அங்கே எரிச்சா சாம்பல் கடலுக்குத்தான். உன் அடுப்புல எரிச்சுக்கிடட்டுமா?"

"அதுக்கென்ன அண்ணே, கஞ்சியை இறக்கிட்டேன். வாங்க."

அவள் கை மேலே வந்தது. பயத்தில் ஓலையின் குட்டைக் கை ஒரு மடிப்பு தானாக அவிழ்ந்தது. "அப்படித்தான்!" என்றது நெருப்பு. ஓலை மூச்சைப் பிடித்து அந்த மடிப்பை மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டது.

இஞ்ஞாசி ஓலைகளை ஒரு மண்சட்டியில் போட்டு, அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்து உள்ளே வைத்தார்.

"கடைசியாச் சொல்றேன்," என்றது நெருப்பு. "ஒரே ஒரு தடவை சொன்னாக்கூடப் போதும்!"

 பயத்தில் ஓலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நெருப்பண்ணே, மூணுலேருந்து ஒண்ணுக்கு இறங்கிட்டீங்களே! மீன் சந்தையிலகூட இவ்வளவு சீக்கிரம் இறங்க மாட்டாங்க!"

சட்டியிலிருந்த ஓலைகளெல்லாம் சடசடவென்று சிரித்தன. நெருப்பு அவமானத்தில் சிவந்து மேலே பாய்ந்தது.

"சேசுவே, சுடுது," என்றது ஓலை. "மடிப்பு அவிழாமப் பாத்துக்கோ!"

நெருப்பு அடங்கியபோது, கோணல் சிலுவை கன்னங்கரேலென்று அப்படியே கிடந்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஒரு மடிப்புகூட அவிழவில்லை. இஞ்ஞாசி அகப்பைக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினார். எல்லாம் பொடியாயிற்று.

"இப்பப் போச்சா பேரு?" என்றது அடுப்பு நெருப்பு. மூலையில் விளக்குமாறு விசும்பி விசும்பி இரண்டு ஈர்க்குகளை உதிர்த்தது.

மறுநாள் சாம்பல் புதன். கோயிலில் சலேத்தம்மா தலையை நிமிர்த்தி நின்றாள். சாமியார் பெருவிரலில் அந்த ஓலைச் சாம்பலைத் தொட்டு அவள் நெற்றியில் சிலுவை போடும் நேரத்தில் அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. விரல் வழுக்கியது.

வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதக் குனிந்தாள். நெருப்பு சோம்பல் முறித்து எழுந்து மேலே பார்த்தது. அவள் நெற்றியில் ஒரு சிலுவை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"ஏட்டி!" என்று மூலையிலிருந்து அலறியது விளக்குமாறு. "நீயா!"

"நான்தாங்க்கா. நெருப்பண்ணே, மூணு தடவை என்னமோ சொல்லச் சொன்னீங்களே. நான் யாருன்னு இப்பச் சொல்லட்டுமா?"

நெருப்பு சட்டென்று விறகுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. சலேத்தம்மா அதை ஊதி எழுப்ப உதட்டைக் குவித்தாள். ஊத முடியவில்லை. ஏனென்றே தெரியாமல், அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.