கைராசி டாக்டரும் முப்பது கட்டில்களும்

“இந்தக் கிருமிக்கு வேற மருந்தே இல்லையா, பரிதா?”

அறுவை சிகிச்சை நிபுணர் கலியமூர்த்தி பரிசோதனைக்கூட வாசலில் நின்று கேட்டார். உள்ளே நுண்ணோக்கியில் குனிந்திருந்த டாக்டர் பரிதா ஒரு காலத்தில் அவரிடம் படித்தவள். இன்று கிருமி விஷயத்தில் அவள் வைத்ததுதான் அந்த மருத்துவமனையில் சட்டம்.

“எட்டு மருந்து போட்டுப் பார்த்தேன் சார். ஆறுக்கு அடங்கல. மிச்ச ரெண்டும் எத்தனை நாள் தாங்கும்னு தெரியல.”

ஒரே மாதத்தில் அவர் வார்டில் ஐந்து பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ். ஐந்திலும் அதே கிருமி.

“நாளைக்கு செங்கமலத்துக்கு ஆபரேஷன். ஆட்டோ ஓட்டுற பொண்ணு, தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. சீழ் வச்சா காலையே எடுக்க வேண்டியிருக்கும். என் கைராசியை நம்பி வந்திருக்கா.”

கைராசிக்காரர் என்ற பேர் சும்மா வந்ததல்ல. தினமும் காலையில் அவர் காயத்துக் கட்டைத் தூக்கிப் பார்த்துத் தொட்டால்தான் நோயாளிகளுக்குத் திருப்தி. ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே வார்டு. முப்பது கட்டில், முப்பது தொடல். அவருக்கும் அதில் பெருமை உண்டு. இல்லையென்று சொன்னால் அது பொய்.

பரிதா அவர் கைகளைப் பார்த்தாள்.

“ஆபரேஷனை ரெண்டு வாரம் தள்ளிப்போடுங்க. அதுவரைக்கும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு வார்டைச் சுத்துங்க.”

“யாரையும் தொடாமலா?”

“கட்டு மாத்துறதை நர்ஸுங்க பார்த்துப்பாங்க. நான் சொன்னபடி.”

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனாலும் செங்கமலத்தின் கால் கண்ணில் நின்றது. கையைக் கட்டிக்கொண்டார்.

நோயாளிகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுக்கே போகிறேன் என்று மூட்டை கட்டினார்.

இரண்டு வாரம் கழித்து அதே வாசலில் வந்து நின்றார்.

“புதுசா ஒருத்தருக்கும் சீழ் வைக்கல.”

பரிதா நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ என் கைதான்.” அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். “ஆபரேஷன் தியேட்டருக்குள்ள முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவுறவன் நான். வார்டுல எதுக்குன்னு விட்டுட்டேன். இத்தனை வருஷம் ராசின்னு நினைச்சு எதைக் கொண்டுபோய்க் கொடுத்தேனோ. இனிமே கத்தியைத் தொட மாட்டேன்.”

அவள் எழுந்து வந்து அவர் கைகளைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினாள். சோப்புப் போட்டாள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண். குழந்தைக்குக் கழுவிவிடுவதுபோல நிதானமாகத் தேய்த்தாள்.

தண்ணீரை நிறுத்தித் துடைத்தும் விட்டாள்.

“அவ்வளவுதானா?” என்றார்.

“ஒரு கட்டிலுக்கு அவ்வளவுதான் சார்.”

மறுநாள் செங்கமலத்துக்கு அவரே ஆபரேஷன் செய்தார். அதற்கப்புறம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கட்டில், உடனே குழாய். அடுத்த கட்டில், மறுபடி குழாய். முட்டி வலியோடு முப்பது நடை. ஜூனியர்கள் முதலில் கண்ஜாடை காட்டிச் சிரித்தார்கள். பிறகு பின்னாலேயே வரிசையில் நின்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் தையலைப் பிரித்தார்கள். துளி சீழ் இல்லை.

செங்கமலம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டின் நடுவில் நடந்தாள். இரண்டு காலாலும் நடந்தாள். படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கலியமூர்த்தியின் முன்னால் வந்து நின்றவள் அவர் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் சந்தோஷத்தில் கண் நிறைய, அப்படியே பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பிக் கையை நீட்டினார்.

அங்கே குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெரியகருப்பன் படுத்திருந்தார். சட்டென்று போர்வையை இழுத்து வயிற்றை மூடினார்.

“அந்தப் புள்ள கையைப் புடிச்சிட்டு நேரா இங்க வர்றீங்களே. போய்க் கழுவிட்டு வாங்க, டாக்டர்.”

வார்டே திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

கலியமூர்த்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே குழாயைப் பார்த்து நடந்தார்.