பொட்டு வாங்கிய டிஸ்க்

தென்காசியில் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் ஓர் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், வாடகை வீட்டின் முன்னறைதான். அங்கே ஒரு கம்ப்யூட்டரும், அதன் திரையின் வலது மூலையில் குடியிருந்த 'அப்புறம்' என்ற பொத்தானும், பீரோவுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. மூவருக்கும் முதலாளி குற்றாலிங்கம்.

டிஸ்க் அங்கே வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. பக்கத்துத் தெருவில் இதே தொழில் செய்தவரின் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிட்டது. பத்து வருஷத்து வரைபடங்களும் அதோடு போயின. குற்றாலிங்கம் துக்கம் விசாரிப்பது போலப் போய், இரண்டு தடவை உச்சுக்கொட்டிவிட்டு, திரும்பும் வழியிலேயே ஒரு டிஸ்க்கை வாங்கிவிட்டார். வாங்கியதுமே பயம் தெளிந்துவிட்டது. பீரோவில் வைத்துப் பூட்டி, இனி நமக்குக் கவலை இல்லை என்று மனைவி செண்பகவல்லியிடம் சொன்னார். எதையாவது அதில் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அதன்பின் டிஸ்க் வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜை அன்று, வெளியே வரும். குற்றாலிங்கம் அதைத் துடைத்துப் பலகையில் வைத்து, கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைப்பார். டிஸ்க்குக்கு எது முகம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேபிள் செருகும் துவாரம் இருந்த பக்கத்தையே முகம் என்று வைத்துக்கொண்டார். ஆகவே சந்தனம் ஒவ்வொரு வருஷமும் நேராகத் துவாரத்துக்குள் போனது.

டிஸ்க்குக்குத் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்க உழைக்கிற கம்ப்யூட்டருக்கே மிளகளவு பொட்டுதான். மவுஸுக்கு அதுவும் கிடையாது. சும்மா இருக்கிற தனக்குத்தான் பெரிய பொட்டும் கதம்பமும். பிறவியிலேயே தான் உசத்தி என்று அது முடிவு கட்டிக்கொண்டது.

மூன்றாவது வருஷப் பூஜையன்று, பலகையில் பக்கத்தில் இருந்த டிஸ்க்கிடம் கம்ப்யூட்டர் மெல்லப் பேச்சுக் கொடுத்தது.

"எனக்கு ஒரு மாதமாக நெஞ்சுக்குள் டிக் டிக் என்கிறது. ரொம்ப நாள் தாங்க மாட்டேன்."

"அதை முதலாளியிடம் சொல்வதுதானே?"

"தினமும் காலையில் 'நகல் எடுக்கலாமா?' என்று திரையில் எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் இந்த அப்புறம் ஓடிப்போய் அவர் விரலுக்கு அடியில் நின்றுகொள்கிறது."

'அப்புறம்' திரை மூலையிலிருந்து சிரித்தது. "நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அவராகத்தான் என்னைத் தொடுகிறார். இந்த வீட்டில் என்னைப் போல ஓயாமல் உழைக்கிறவர் யார், சொல்லுங்கள்?"

கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மற்றவர்கள் வீட்டுப் பிளான் எல்லாம் அச்சாகி, முத்திரை விழுந்து, அவரவர் கையில் பத்திரமாக இருக்கிறது என்றது. ஒரே ஒரு வீடுதான் தன் வயிற்றில் மட்டும் இருக்கிறது. அது செண்பகவல்லியின் வீடு. வாடகை வீட்டு அடுப்படியில் புகையைத் தின்றுவிட்டு வந்து, நாலு வருஷமாக ஞாயிறுதோறும் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டிய வீடு. இன்னும் ஒரு திருத்தம் பாக்கி என்று குற்றாலிங்கம் அதை அச்சு எடுக்கவே இல்லை.

"நீ கொஞ்சம் நழுவிக் கீழே விழுந்தால்கூடப் போதும். எதற்கு வாங்கினோம் என்று அவருக்கு ஞாபகம் வரும்" என்று கம்ப்யூட்டர் கெஞ்சியது.

"விழுந்தால் பொட்டு அழிந்துவிடுமே" என்றது டிஸ்க். "அதோடு, இன்றைக்கு வேலை செய்தால் சாமி குற்றம்."

மறுநாள் விஜயதசமி. குற்றாலிங்கம் குளித்து, திருநீறு பூசி, நல்ல நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் மூன்று தடவை டிக் என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

குற்றாலிங்கம் கொஞ்சமும் அசரவில்லை. "நாமதான் டிஸ்க் வச்சிருக்கோம்லா" என்றார். ரிப்பேர் பார்க்க வந்த மைதீன், உள்ளே இருந்தது மொத்தமும் போய்விட்டது என்று கைவிரித்தபோதும் அதையேதான் சொன்னார். அன்று மாலையே புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பீரோவிலிருந்து டிஸ்க் ஊர்வலம் போல வந்தது. கேபிள்தான் உள்ளே போகவில்லை. காய்ந்த சந்தனத்தை மைதீன் ஊக்கால் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, செருகித் திறந்து பார்த்தான். உள்ளே வெறுமை.

"இதுல எப்ப சார் காப்பி போட்டீங்க?"

"வருஷா வருஷம் பூஜை போட்டேனேப்பா" என்றார் குற்றாலிங்கம்.

மைதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊக்கைத் துடைத்தான். டிஸ்க்குக்கு அப்படி ஒரு வெட்கம். மூன்று வருஷம் நெற்றியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு, ஒரு தடவை விழுந்து தொலைத்திருக்கலாம் என்று அது நொந்துகொண்டது.

செண்பகவல்லி உள்ளே போனாள். சத்தமே வராமல் அழுதாள். குற்றாலிங்கம் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அவள் அதற்குமேல் அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வரைங்க, சொல்லுதேன். அடுப்படி பத்துக்கு ஒம்பது. கெழக்க பாத்து நாலடி ஜன்னல். மேடை ரெண்டடி எட்டு இஞ்சுதான், அதுக்கு மேல போனா எனக்குத் தோள் வலிக்கும்."

மாடிப்படி திரும்பும் இடம்வரை ஓர் அங்குலம் பிசகாமல் சொன்னாள். நாலு வருஷமாக மனசுக்குள் அந்த வீட்டில்தானே அவள் குடியிருந்தாள். வாடகை வீட்டில் ஒழுங்காக நகல் வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

மூன்றாம் நாள் வரைந்து முடிந்ததும், "நகல் எடுக்கலாமா?" என்றது புதுக் கம்ப்யூட்டர். 'அப்புறம்' அதிலும் வலது மூலையில் வந்து நின்றது. அதெல்லாம் யாரும் அழைக்காமலே எந்தக் கம்ப்யூட்டரோடும் வந்துவிடும். "பாத்துக்கிடலாம்" என்று குற்றாலிங்கத்தின் விரல் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் நகர்ந்தது.

"அதத் தொட்டீங்கன்னா, உங்க நெத்தியிலயும் ஒரு பொட்ட வச்சு பீரோவுக்குள்ள பூட்டிருவேன்" என்றாள் செண்பகவல்லி.

விரல் திரும்பி வந்தது. டிஸ்க்கின் சின்ன விளக்கு முதல்முறையாக மினுக்கியது. அதற்குள் ஒரு வீடு, கிழக்கு ஜன்னலோடு வந்து இறங்கியது. எத்தனை கதம்பம் சூடியபோதும் அதற்கு இப்படி இருந்ததில்லை.

செண்பகவல்லி எழுந்து போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். டிஸ்க் நடுங்கிப்போனது. அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை. திரையின் வலது மூலையில், அப்புறம் நின்ற இடத்தில், அது முழுசாக மறைகிற மாதிரி அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

"ஏ, ஸ்கிரீன் பாழாயிரும்" என்று பதறினார் குற்றாலிங்கம்.

"மூணு வருஷமா டிஸ்க்கு வாயில அப்பும்போது பாழாகலையாக்கும்?"

துடைக்க எடுத்த துணியை அவர் கீழே வைத்துவிட்டார். இப்போது தினமும் மாலை அந்த முன்னறையில் டிஸ்க்கின் விளக்கு மினுக்குகிறது. அதற்குப் பொட்டும் இல்லை, பூவும் இல்லை. கும்பிடெல்லாம் அப்புறத்துக்குத்தான்.