பூனையின் பிடரி

மிருகமும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிய காலம் அது. அந்தக் காலத்தில் நாய் வீட்டுக்குள்தான் படுக்கும், அதுவும் தொட்டிலுக்கு அடியில். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பூனைக்கும் நாய்க்கும் அப்போது பகையே கிடையாது. பூனையின் பிடரியில் அதன் நாக்கு எட்டாத இடம் ஒன்று உண்டல்லவா, அங்கே தெள்ளுப்பூச்சி கடித்தால் நாய்தான் முன்பல்லால் நறுக்கென்று எடுத்துப் போடும்.

அப்படி ஒரு நாயும் பூனையும் இருந்த வீட்டில், வீட்டுக்காரி சடச்சி பெண்பிள்ளை பெற்றிருந்தாள். அவள் புருஷன் வயல்களில் கிடைபோட ஆடுகளோடு வெளியூர் போயிருந்தான். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வாசற்படி தாண்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்த நேரம் பார்த்தா வீட்டில் தெள்ளு பெருகவேண்டும்? கடுகளவு பூச்சிதான், பிடிக்கப் போனால் துள்ளிவிடும். பிள்ளையின் கால் முழுக்கத் தடிப்பு. கத்திக் கத்தி அதற்குத் தொண்டை கட்டிவிட்டது, பாலும் குடிக்கவில்லை.

சடச்சி தரையைக் கூட்டினாள், மூலைமுடுக்கெல்லாம் வெந்நீர் ஊற்றினாள். ஒன்றும் போகவில்லை. கடைசியில் வேப்பிலையும் நொச்சியும் அரைத்து, அந்த விழுதைச் சட்டியோடு நாயிடம் கொடுத்தாள்.

"பூச்சி உங்க உடம்புலதான் குடியிருக்கு. நீயும் பூசு, பூனைக்கும் பூசிவிடு. காயிற வரைக்கும் வெயில்ல இருங்க. ஒரு ஆள் விட்டாலும் பிரயோசனமில்ல. எம்புள்ள உசுரு உன் கையில இருக்கு."

முற்றத்தில் நாய் விழுதில் புரண்டு எழுந்தது. பூனை மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

"கசக்கும்ணே. நக்கினா நாக்குல படும். நீ பூசிக்கிட்டியே, அது போதாதா?"

"தாயி கேட்டா என்ன சொல்ல?"

"ஆச்சுன்னு சொல்லுண்ணே."

நாய் யோசித்தது. பிறகு பூனையின் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டது. அந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது, ஆனால் திட்டத்தான் மனசு வரவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஆச்சா?" என்று சடச்சி படிக்கு உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆச்சு, தாயி."

நாய் பொய் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் அவள் பூனையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நாலே நாளில் தெள்ளு திரும்பிவிட்டது. பூனை மேலிருந்தது நாய் மேலும் ஏறிவிட்டது. தொட்டிலுக்கு அடியில் படுத்திருந்த நாயின் காதை விரித்துப் பார்த்தாள் சடச்சி. இரண்டு பூச்சி துள்ளின.

"உன்னை நம்பித்தானே சட்டியைக் கொடுத்தேன். வெளியே போ."

நாய் ஒருமுறை பூனையைப் பார்த்தது. பூனை அடுப்போரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம் இரண்டில் ஒன்று. நாய் எழுந்து படியிறங்கிப் போனது.

நாய் போன பிறகும் பிள்ளைக்குக் கடி நிற்கவில்லை. அப்போதுதான் சடச்சிக்குச் சந்தேகம் தட்டியது. பூனையைப் பிடித்துப் பிடரி மயிரைப் பிரித்தாள். மிளகுத்தூள் தூவியதுபோல் பூச்சியின் அழுக்கு.

"நீ பூசவே இல்லையா?"

"கசக்கும்னு பயந்துட்டேன் தாயி. அண்ணன்தான் எனக்காகப் பொய் சொல்லுச்சு."

சடச்சி பூனையை ஏசவில்லை. வால்நுனிவரை பூசிவிட்டாள், எட்டு நாள் கழித்து மறுபடி பூசினாள். தடிப்பு அமர்ந்தது. பிள்ளை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது.

முப்பது நாள் கழிந்ததும் அவள் முதல்முதலாகப் படி தாண்டி, விழுதுச் சட்டியோடு, வாசலுக்கு வெளியே கிடந்த நாயிடம்தான் போனாள். அதன் உடம்பெல்லாம் பூசிவிட்டாள்.

"தெரியாம உன்னை விரட்டிட்டேன். உள்ள வந்து படு."

"வேண்டாம் தாயி. பொய் சொன்ன வாயை வச்சுக்கிட்டு எப்படித் தொட்டிலுக்கு அடியில படுக்க? எங்காலத்துக்கும் வாசல்லயே கிடந்து காவல் பார்க்கேன்."

சடச்சி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பூனை மெதுவாக வந்து, நாயின் முன்னால் பழையபடி பிடரியைக் குனிந்து காட்டியது. நாய் கடிக்கவில்லை, உறுமவுமில்லை. முகத்தை மட்டும் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டது.

நாய்க்கு வாசல் வீடானது அன்றைக்குத்தான். பூனை நாளெல்லாம் தன் உடம்பை நக்கி நக்கிச் சுத்தம் செய்வதும் அன்று முதல்தான். நாக்கு எட்டாத பிடரியை மட்டும், யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று, இன்னமும் அது வாசல் நிலையில் உரசிக்கொண்டு நிற்கிறது.