இடப்பக்கத்துச் சீற்

கிட்ட வந்து இருங்கோ. இது சத்தம்போட்டுச் சொல்லுற கதை இல்லை.

"பிள்ளை, கார் இன்னும் வலப்பக்கம் இழுக்குது," என்றார் அருளம்பலம் மாஸ்டர்.

பாசையூரிலே கராச் வைத்திருக்கிற யசிந்தா கையைத் துடைத்தபடி நிமிர்ந்தாள்.

மாஸ்டர் நாற்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவர். மனைவி தவமலர் செத்துப்போனபிறகு, சனிக்கிழமைதோறும் தன் பழைய ஜப்பான் காரோடு வந்து, மகள் வயசுக்காரியிடம் கார் வேலை படிக்கிறார். வீட்டிலே பேச ஆளில்லை. இங்கே வந்தால் ஏச்சாவது கிடைக்கும்.

"புத்தகத்திலே என்ன போட்டிருக்கு, மாஸ்டர்?"

அதைக் கேட்டால் அவருக்கு முகம் வெளிக்கும்.

"ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு சிசி. நாலு சிலிண்டர். எஞ்சின் சுத்துறது பின்சில்லை. முன் ரயருக்கு இருபத்துநாலு இறாத்தல் காத்து. வெறுங்கார் எண்ணூற்றிருபது கிலோ."

"தேவாரம் மாதிரிச் சொல்லுறியள். காத்துப் பாத்தனீங்களோ?"

"காலமை பாத்தனான். இருபத்துநாலு."

யசிந்தா நாலு சில்லுக்கும் நூல் பிடித்து நேர் பார்த்தாள். மயிரிழை பிசகில்லை.

"எல்லாம் நேராத்தான் நிக்குது."

"அப்ப ஏன் இழுக்குது? இண்டைக்குச் சரிவராட்டி, நாளைக்கு விலைக்குக் கேட்ட மானிப்பாய்க்காரனுக்குக் குடுத்திடுவன்."

சொல்லும்போதே காரைத் தடவிக்கொடுத்தார். அந்த வீட்டிலே அவர் தொட்டால் சத்தம் போடுகிறது அந்தக் கார் ஒன்றுதான்.

யசிந்தா இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"அதிலே இருக்காதை!"

சாரதிக்குப் பக்கத்துச் சீற்றிலே தவமலரின் குடை கிடந்தது. இரண்டு வருஷமாய் அதிலே அவர் ஒருத்தரையும் இருத்தினதில்லை. வாறவர்கள் பின்னுக்குத்தான். இப்போது பின்னுக்கும் ஒருத்தரும் வாறதில்லை.

"நான் இருக்கேல்லை. ஒண்டு கேக்கிறன். தவமலர் அன்ரி எத்தனை கிலோ?"

மாஸ்டர் கைநீட்டிக் குடைப்பிடியைத் தொட்டார்.

"ஐம்பத்தெட்டு," என்றார். பிறகு மெல்ல, "கடைசியிலே முப்பத்தொன்பது."

"மூண்டு வருஷத்துக்கு முன்னம் இந்தச் சில்லுகளை நேராக்கினது நான்தான். அப்ப ரெண்டுபேரும் உள்ளுக்கை இருந்தனீங்கள். அன்ரி மாங்காய் கடிச்சுக்கொண்டிருந்தவ. அந்தப் பாரத்துக்குத்தான் பூட்டினனான். இப்ப இடப்பக்கம் பாரமில்லை."

வெளியே, வீதியோரம், மீன்காரி கத்தரீன் வெறுங்கடகப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வராத பஸ்ஸை ஏசிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒராளுக்குப் பூட்டிவிடு," என்றார் மாஸ்டர்.

"பூட்டலாம். கால்வாசிச் சுத்துத்தான். நேராய் ஓடும். பிறகு ஆரும் பக்கத்திலே இருந்தால் இடப்பக்கம் இழுக்கும்."

"ஆர் இருக்கப்போகினம்?"

யசிந்தா ஸ்பானரை எடுத்து அவர் கையிலே வைத்தாள்.

"படிச்சனீங்கள்தானே. நீங்களே திருப்புங்கோ."

மாஸ்டர் ஸ்பானரைப் பார்த்தார். சில்லைப் பார்த்தார். குனியவில்லை.

யசிந்தா குடையை இரண்டு கையாலும் எடுத்து, பின் சீற்றிலே பதமாய்ச் சாய்த்து வைத்தாள். பிறகு வீதியைப் பார்த்துக் கத்தினாள்:

"கத்தரீன் அக்கா! பஸ் வராது. மாஸ்டர் உங்கட பக்கம்தான் போறார்."

கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்தாள்.

"முன்னுக்கு ஏறுங்கோ."