மல்லாந்து பார்த்த மரநாய்

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், ஓர் ஈச்சமரம் நின்றது. அதன் மட்டைகளுக்கு நடுவே ஒரு மரநாய் தன் இரண்டு குட்டிகளுடன் குடியிருந்தது. பெயரில்தான் நாய். உடம்பு பூனையைப் போல, வால் உடம்பைவிட நீளம். பொறுமையில் அதற்கு ஈடு இல்லை. ஈச்சம்பழம் நன்றாகக் கறுக்கும்வரை காத்திருக்குமே தவிர, செங்காயைத் தொடாது.

மேலே பழம், நடுவே வீடு, கீழே தண்ணீர். மரநாய்க்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் காலையில் மரத்தில் புது ஓலை விரிந்தது. அதைப் பார்த்த மரநாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓலையின் இரண்டு பக்கமும் கத்தரித்து எடுத்ததுபோல முக்கோணம் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தது. குருத்தின் அடியில் ஒரு துளை. துளையின் வாயில் மென்று துப்பிய நார்.

ஈச்சமரத்துக்கு ஒரே ஒரு குருத்துதான். அது போனால் மரம் போயிற்று.

"அம்மா, இங்கே பார்!" என்றது பெரிய குட்டி. அதன் காலடியில் ஒரு கறுத்த வண்டு செத்துக் கிடந்தது. "மட்டை இடுக்கில் ஒளிந்திருந்தது. லேசாகத்தான் தட்டினேன்."

"ஒரு காலைக் காணோமே?"

குட்டி வாயைத் துடைத்துக்கொண்டது.

மரநாய் வண்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு செம்போத்திடம் போனது. அந்தக் காட்டில் வண்டைப் பற்றி எதுவானாலும் செம்போத்திடம்தான் கேட்பார்கள். சிவந்த கண்ணும் செம்பழுப்புச் சிறகும் கொண்ட அந்தப் பறவை நாள் முழுக்கத் தரையில் நடந்து நடந்து வண்டு தின்னும். இத்தனை தின்ற தனக்குத் தெரியாத வண்டு இருக்க முடியாது என்பது அதன் எண்ணம். ஆகவே எதையும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

"செம்போத்து அண்ணா, இது என்ன வண்டு?"

"சாணி வண்டு."

"நான் இன்னும் கீழேயே வைக்கவில்லையே!"

"அதற்குள் பார்த்தாயிற்று. கறுப்பு, உருண்டை, பளபளப்பு. புல்வெளியில் காட்டெருமைச் சாணியை உருட்டிக்கொண்டு திரிகிறதே, அதேதான்."

"சாணி உருட்டுகிறதற்கு மரத்தின் மேல் என்ன வேலை?"

"அதை அதனிடம் போய்க் கேள். பெயர் சொல்வது என் வேலை. காரணம் சொல்வது வண்டின் வேலை."

அருகில் கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருந்த கரடி இதைக் கேட்டது. கரடிதான் அந்தக் காட்டின் தலைவர். நல்ல மனசு. ஆனால் நகங்கள் எப்போதும் துறுதுறுவென்றிருக்கும். எதையாவது தோண்டாவிட்டால் தூக்கம் வராது.

"சாணி வண்டா இந்த வேலை செய்கிறது?" என்றது கரடி. "இன்றைக்கு இந்தப் புற்று இருக்கிறது. நாளை வெயில் ஏறட்டும். புல்வெளியைப் புரட்டிப்போட்டு ஒன்று விடாமல் விரட்டிவிடுகிறேன். கவலைப்படாதே அம்மா, உன் மரம் என் பொறுப்பு."

மரநாய் நிம்மதியாக வீடு திரும்பியது. அந்த நிம்மதி பொழுது சாயும்வரை இருந்தது.

பொழுது சாய்ந்ததும் ஒரு சாணி வண்டு தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு மரத்தடிக்கு வந்தது.

மரநாய் வழியை மறித்தது. "நீதானே என் மரத்தைத் துளைக்கிறாய்?"

"மரமா? எந்த மரம்?" வண்டு தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தள்ளி நில் அக்கா. உருண்டை காய்ந்துவிட்டால் அப்புறம் உருளாது."

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து மரநாயின் மூக்கில் ஏதோ விழுந்தது. ஈரமான நார். அப்போதுதான் மென்று துப்பியது.

மரநாய் கீழே இருக்கும் வண்டைப் பார்த்தது. மேலே இருக்கும் குருத்தைப் பார்த்தது. உருட்டுகிற வண்டு இங்கே உருட்டிக்கொண்டிருந்தது. மெல்லுகிற வண்டு அங்கே மென்றுகொண்டிருந்தது.

ஏறிப் போய்த் துளைக்குள் நகத்தை விட்டுப் பார்த்தது, எட்டவில்லை. எட்டினாலும் ஒன்றைத்தான் பிடிக்கலாம். அடுத்தது வரும். இது எந்த வண்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும். தெரியாமல் கரடி புல்வெளியைத் தோண்டினால் சாணி வண்டுகள் போகும். அதன் பிறகு மரமும் போகும்.

'காட்டிலிருக்கிற எல்லா வண்டையும் ஒரே இடத்தில் வைத்து, இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால்?' என்று மரநாய் யோசித்தது. யோசிக்க யோசிக்க அப்படி ஓர் இடம் இருப்பது நினைவுக்கு வந்தது. அங்கே போக யாருக்கும் விருப்பம் இருக்காது, அவ்வளவுதான்.

அது கீச்சானின் முட்புதர்.

கீச்சான் குருவி உருவத்தில் சிறியது. கஞ்சத்தனத்தில் காட்டிலேயே பெரியது. பிடித்த பூச்சியை உடனே தின்னாது. ஒரு காரைப் புதரின் முள்ளில் குத்தி வைத்துவிட்டு, பசிக்கும்போது கணக்காக ஒன்றை எடுத்துத் தின்னும். பல நாள் பசியையும் அடக்கிக்கொள்ளும். அதனால் புதர் முழுக்க வண்டுகள் காய்ந்து தொங்கின.

விடிந்ததும் மரநாய் செத்த வண்டுடன் அங்கே போய் நின்றது.

"அங்கேயே நில்!" என்று கத்தியது கீச்சான். "அங்கிருந்தே பேசு!"

"தின்ன வரவில்லை கீச்சானே. பார்க்க வந்தேன்."

"முதலில் பார்ப்பாய். அப்புறம் முகர்வாய். அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?"

"பார்த்து முடித்ததும் இந்த வண்டையும் உன் முள்ளிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்."

கீச்சான் தலையைச் சாய்த்து யோசித்தது. காட்டில் எல்லாரும் அதனிடமிருந்து எடுக்கத்தான் பார்த்திருக்கிறார்கள். கொடுக்கிறேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"முழு வண்டா?"

"ஒரு காலை என் குட்டி தின்றுவிட்டது."

"குட்டியை அழைத்து வராமல் விட்டாயே, அதுவரைக்கும் சரி. பார்த்துக்கொள். தொடாதே. மூச்சு விடுவதானால் அந்தப் பக்கம் திரும்பி விடு."

புதர் உயரமாக இருந்தது. தொடாமல் பார்ப்பதற்கு மரநாய்க்கு ஒரே வழிதான் இருந்தது. புதருக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துக்கொண்டது.

படுத்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. காட்டில் எல்லாரும் வண்டின் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள். இங்கே தலைக்கு மேல் அத்தனை வண்டுகளும் வயிற்றைக் காட்டிக்கொண்டு தொங்கின.

மரநாய் முதலில் கொம்பைத் தேடியது. கொம்புள்ளது ஒரு சாதி, கொம்பில்லாதது இன்னொரு சாதி என்று பிரித்துப் பார்த்தது. அது சரிப்படவில்லை. சாணி வண்டிலும் சிலவற்றுக்குக் கொம்பு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. மற்றதிலும் அப்படித்தான். தன் வண்டுக்கோ கொம்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தலையில் ஒரு சின்ன மேடுதான்.

கொம்பை விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தது. சாணி வண்டின் தலை மண்வெட்டி போல அகலமாக, தட்டையாக இருந்தது. கடிக்கிற வாய் வெளியே தெரியவேயில்லை. தன் வண்டின் தலை சிறியது. வாயில் உறுதியான தாடை. பிறகு பின்பக்கம். சாணி வண்டுக்கு அங்கே வழவழவென்று இருந்தது. தன் வண்டுக்குச் செந்நிற முடி அடர்ந்திருந்தது.

புதரின் ஒரு பக்கத்தில் மட்டும், அதே தாடையோடு, அதே செந்நிற முடியோடு வண்டுகள் தொங்கின.

"கிடைத்துவிட்டது," என்று மரநாய் மெல்ல மூச்சு விட்டது. ஞாபகமாக அந்தப் பக்கம் திரும்பித்தான் விட்டது. "கீச்சானே, இவற்றை எங்கே பிடித்தாய்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். வேட்டை இடத்தைச் சொல்லிவிட்டு நான் எதைத் தின்பது?"

மரநாய் அவசரப்படவில்லை. படுத்தபடியே புதரைச் சுற்றிக் கண்ணை ஓட்டியது. சாணி வண்டெல்லாம் ஒரு பக்கம். வெட்டுக்கிளியெல்லாம் இன்னொரு பக்கம்.

"எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறாய்!" என்றது. "இவ்வளவையும் கலக்காமல் வைக்க எப்படித்தான் முடிகிறதோ."

கீச்சானை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. அது மார்பை நிமிர்த்திக்கொண்டது. "அதற்கு மூளை வேண்டும். எந்தத் திசையில் பிடித்தேனோ அந்தத் திசை முள்ளில்தான் குத்துவேன். மறுபடி வேட்டைக்குப் போகும்போது தேடவே வேண்டாம். புதரைப் பார்த்தால் போதும்."

"அப்படியா?" என்ற மரநாய் எழுந்து, செந்நிற முடி வண்டுகள் தொங்கிய திசையில் நேராகப் பார்த்தது. ஓடைக்கு அக்கரையில், போன மழையில் விழுந்த ஒரு பழைய பனை, மட்கிக் கிடந்தது.

கீச்சான் சட்டென்று அலகை மூடிக்கொண்டது. கொஞ்சம் தாமதமாகத்தான்.

மரநாய் சொன்னபடி தன் வண்டை முள்ளில் விட்டுவிட்டுப் புல்வெளிக்கு ஓடியது. வெயில் ஏறிவிட்டது. கரடி நகங்களை நீட்டிக்கொண்டு நின்றது. செம்போத்து ஒரு மேட்டில் நின்று, "இங்கிருந்து ஆரம்பியுங்கள்," என்று காட்டிக்கொண்டிருந்தது.

"கரடியாரே, நிறுத்துங்கள்! மரத்தைத் துளைப்பது சாணி வண்டு இல்லை."

"நான் சொல்லியாயிற்று," என்றது செம்போத்து.

"நீங்கள் சொன்னீர்கள் அண்ணா. நான் பார்த்தேன். நீங்களும் வந்து பாருங்கள். ஓடையைத் தாண்டவேண்டாம், கீச்சானின் புதர்வரை வந்தால் போதும்."

கரடி செம்போத்தைப் பார்த்தது, புல்வெளியைப் பார்த்தது. "புல்வெளி எங்கேயும் ஓடிவிடாது. நட," என்றது.

புதருக்கு முன்னால் கரடி வந்து நின்றதும் கீச்சான் கிறீச்சிட்டது. "கரடி! ஐயோ! யார் கரடியைக் கூட்டி வரச் சொன்னது? ஒரே நக்கில் எல்லாம் போய்விடும்!"

"ஒன்றையும் தொடமாட்டேன்," என்ற கரடி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கையிடுக்கு வழியாகப் பேசியது. "போதுமா?"

செம்போத்து பறந்து புதரின் உச்சியில் உட்கார்ந்தது. மேலேயிருந்து ஒரு பார்வை பார்த்தது. "கறுப்பு, உருண்டை, பளபளப்பு. எல்லாம் சாணி வண்டு. வந்தது வீண்."

"கீழே வந்து மல்லாந்து படுத்துப் பாருங்கள் அண்ணா."

"நானா? மல்லாந்தா? நான் என்ன செத்தா போனேன்?"

கரடி வாயிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தது. "படு."

செம்போத்து படுத்தது. காலிரண்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தன. மரநாய் ஒன்றும் விளக்கவில்லை; "இதன் வாயைப் பாருங்கள். இப்போது அதன் வாயை. இதன் பின்பக்கம். அதன் பின்பக்கம்," என்று மட்டும் சொன்னது.

செம்போத்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"முடி இருக்கிறது," என்றது செம்போத்து கடைசியில்.

"சாணி வண்டுக்கு?"

"இல்லை." இன்னும் கொஞ்சம் பார்த்தது. "நாரை மெல்லுகிற வாயும் சாணி வண்டுக்கு இல்லை. நான் விழுங்கும்போது இதையெல்லாம் யார் பார்த்தார்கள்!"

"அப்படியானால் நான் எதைத் தோண்டுவது?" என்றது கரடி. அதன் கவலை அது.

மரநாய் ஓடைக்கு அக்கரையைக் காட்டியது.

கரடி போய் அந்த மட்கிய பனையில் ஓர் அறை விட்டது. மரம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே கட்டை முழுக்கக் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. அவற்றின் நடுவே, அன்று மாலை ஈச்சமரத்துக்குப் பறக்கவேண்டிய செந்நிற முடி வண்டுகள். கரடி அதன் பிறகு பேசவில்லை. வாய் நிறைய வேலை இருந்தது.

செம்போத்துக்கும் வயிறு நிறைந்தது. கீச்சான் மட்டும், "என் இடம் போச்சே, என் இடம் போச்சே," என்று புலம்பிக்கொண்டே ஒவ்வொரு புழுவாகத் தூக்கிக்கொண்டு பறந்தது. சாயங்காலத்துக்குள் அதன் புதரில் குத்துவதற்கு முள் மிச்சமில்லை. புலம்பலும் நின்றது.

குருத்துக்குள் இருந்த ஒற்றை வண்டு பொழுது சாய்ந்ததும் வெளியே தலை நீட்டியது. மரநாய் அங்கேயே காத்திருந்தது.

சில நாள் கழித்து ஒரு முயல் ஏதோ ஒரு வண்டை இலையில் ஏந்திக்கொண்டு செம்போத்திடம் வந்தது. "அண்ணா, இது என்ன வண்டு? சீக்கிரம் சொல்லுங்கள்."

"சீக்கிரமெல்லாம் முடியாது," என்றது செம்போத்து. "வா, புதருக்குப் போவோம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வண்டை அங்கே கொடுத்துவிடவேண்டும், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு மல்லாந்து படுக்க வருமா?"

மழைக்குப் பிறகு ஈச்சமரத்தில் அடுத்த ஓலை வந்தது. மரநாய் குட்டிகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு, அது விரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. ஓலை நுனியிலிருந்து அடிவரை ஒரு வெட்டும் இல்லாமல் விரிந்தது.

நீதி: பெயர் சொல்ல அவசரப்படாதே, புரட்டிப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகு சொல்.